உடம்பில் ஊறுவதுதானே?



இந்த மேசைமேல் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அடியைத் திருகினால் மேலே கொஞ்சம் கிரீம் வரும். பக்கத்தில் அச்சடித்து ஒட்டிய ஒரு சீட்டு: 'பை-எஸ்ட் 80/20, புரோஜெஸ்டிரோன். காலையில் இரண்டு திருகு. முன்கையின் உட்புறம் தேய்க்கவும்.' அவ்வளவுதான். பெயர் இருந்த இடத்தை நான் சுரண்டிவிட்டேன். இதை என்னிடம் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் அனுமதியோடுதான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். நான் அவரை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

டீச்சருக்கு 51 வயதில் மாதவிடாய் நின்றது. அதோடு தூக்கமும் போயிற்று. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு நெஞ்சுக்கூட்டிலிருந்து அனல் கிளம்பி முகத்தில் அடிக்கும். ரவிக்கை நனைந்துவிடும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்தால் குளிரும். "சாமிக்குக் கற்பூரம் காட்டக்கூட முடியல டாக்டரம்மா, அந்தச் சூடு பட்டாலே ஆரம்பிச்சிடுது" என்றார். இதை அவர் முதலில் சொன்னது என்னிடம் அல்ல, வேறொரு மருத்துவரிடம். அங்கே கிடைத்த பதில்: "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா, பொறுத்துக்கோங்க." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் நான் சொல்லப்போகிற தவறுகளில் முதல் தவறு அதுதான்.

பிறகு அமெரிக்காவிலிருந்த மகள் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு கிளினிக்கில் எச்சிலைக் குழாயில் பிடித்துச் சோதித்து, "உங்கள் உடம்புக்கென்றே அளந்து கலந்தது" என்று இந்த டப்பாவைக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் அனல் அடங்கியது. விடியும்வரை தூங்கினார். ஊர் திரும்பிய பிறகும், மகள் வரும்போதெல்லாம் டப்பா வந்தது. இரண்டு வருடம் தேய்த்தார்.

என்னிடம் வந்த அன்று அவர் சொன்னது: "நின்னு நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு நாளா லேசாக் கறை படுது." ஸ்கேன் பார்த்தேன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இப்படிக் கறை பட்டால், கருப்பையின் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்குமேல் இருந்தாலே சந்தேகப்பட்டுச் சதை எடுத்துப் பார்ப்போம். அவருக்கு 13 இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். பூசுகிற மருந்து ஏதாவது என்று கேட்டேன். "ஒரு கிரீம் இருக்கு. அது மருந்தில்லையே டாக்டரம்மா, நம்ம உடம்பில் ஊறுவதுதானே?"

அந்தக் கேள்விக்கு அன்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

'பயோஐடெண்டிகல்' என்ற சொல்லை உடலொத்த ஹார்மோன் என்று சொல்லலாம். நம் சினைப்பையில் சுரக்கும் மூலக்கூறும் மருந்தில் இருக்கும் மூலக்கூறும் அணுவுக்கு அணு ஒன்றாக இருக்கிறது என்பதே அதன் பொருள். எஸ்ட்ரடையால், எஸ்ட்ரோன், எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன்கள், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை இந்த வகை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தச் சொல் மூலக்கூறின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது என்பதை. எவ்வளவு, எந்த வழியாக, எதனோடு சேர்த்து, எந்த வயதில், எத்தனை வருடம், யார் அளந்தது என்ற எதையும் அது சொல்லவில்லை. ஹார்மோனின் நன்மை தீமையெல்லாம் அந்தச் சொல்லாத விஷயங்களில்தான் இருக்கிறது.

'இயற்கையானது', 'செடியிலிருந்து வந்தது' என்று இதற்குச் சொல்லப்படும் பெருமையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்குப் பிடித்த கதை.

1930களில் புரோஜெஸ்டிரோன் தங்கத்தைவிட விலை கூடியது. விலங்குகளின் சினைப்பைகளிலிருந்து மில்லிகிராம் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. ரஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைச் சில வேதிமாற்றங்களால் புரோஜெஸ்டிரோனாக மாற்றலாம் என்று கண்டுபிடித்தார். மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியில், ஊரார் 'காபேசா தே நேக்ரோ' என்று சொல்லும் பெரிய கிழங்கைத் தேடி 1942இல் போனார். மருந்துக் கம்பெனிகள் பணம் போட முன்வரவில்லை. அவரே கிழங்கைச் சேர்த்து, காய்ச்சி வடித்து, 1943 வாக்கில் மெக்சிகோ நகரத்தில் ஒரு சிறிய மருந்துக் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஜாடிகளை மேசைமேல் வைத்தார் என்று சொல்வார்கள். உள்ளே கிலோ கணக்கில் புரோஜெஸ்டிரோன். உலகம் அதுவரை அவ்வளவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அடுத்த வருடம் சின்டெக்ஸ் கம்பெனி பிறந்தது.

ஆக, புரோஜெஸ்டிரோன் கிழங்கிலிருந்து வந்தது உண்மை. ஆனால் கிழங்கில் புரோஜெஸ்டிரோன் இல்லை. டயோஸ்ஜெனினைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வேலை ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. அந்த வேலையைச் செய்யும் என்ஸைம் மனித உடம்பில் கிடையாது. 'காட்டு வள்ளிக்கிழங்கு கிரீம்' என்று கடையில் விற்பதை வருடக்கணக்கில் தேய்த்தாலும் அது உடம்பில் ஹார்மோனாகாது. இன்னொன்று: அரசு அனுமதி பெற்று அட்டையில் வரும் எஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்டிரோனும்கூடக் கிழங்கிலிருந்தோ சோயாவிலிருந்தோ தொடங்கி அதே முறையில் செய்யப்படுபவைதான். கையால் கலந்து கொடுக்கும் கடைக்காரரும் ஆலையில் செய்த அதே தூளைத்தான் வாங்குகிறார். செடி என்ற பெருமை இரண்டுக்கும் பொது.

உடலொத்தது அல்லாதது எது? 1942இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரெமரின். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன்களின் கலவை அது. அதில் எக்விலின் போன்ற சில மூலக்கூறுகள் குதிரைக்கு உரியவை, மனுஷிக்குச் சுரப்பதில்லை. அதோடு சேர்த்துக் கொடுத்த மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட், ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட செயற்கை வகை. இந்த இரண்டையும் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதலில் டீச்சரின் கேள்வி. உடம்பில் ஊறுவது உடம்புக்குத் தீங்கு செய்யுமா?

செய்யும். அதை நான் வாரந்தோறும் வெளிநோயாளிப் பிரிவில் பார்க்கிறேன். சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள, எடை கூடிய இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய். வெளியிலிருந்து ஒரு மாத்திரை சாப்பிட்டவள் அல்ல. ஆனால் கருப்பைச் சவ்வு தடித்திருக்கிறது. சிலருக்கு அந்த வயதிலேயே புற்றுநோயாகவும் மாறியிருக்கிறது. காரணம், அவளுடைய சொந்த ஈஸ்ட்ரோஜன். கொழுப்புத் திசுவும் அதைச் செய்கிறது. கருமுட்டை வெளியேறாததால் புரோஜெஸ்டிரோன் சுரக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் பயிரை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அதை முற்ற வைக்கும், அது விலகும்போது அறுவடை. மாதந்தோறும் நடக்கும் வெள்ளாமை இது. அறுவடையே இல்லாமல் தண்ணீர் மட்டும் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் வயல் காடாகும். அந்தத் தண்ணீர் சொந்தக் கிணற்றிலிருந்து வந்ததா, அடுத்தவர் கிணற்றிலிருந்து வந்ததா என்று பயிர் பார்ப்பதில்லை.

1960களில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தார்கள். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் எழுதிய 'ஃபெமினைன் ஃபாரெவர்' அதற்கு ஊதுகுழலாக இருந்தது. 1975 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்றில் நாலரை மடங்கு, மற்றொன்றில் ஏழரை மடங்கு. கருப்பை உள்ளவளுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி அங்கிருந்துதான் வந்தது. பிறகு பெப்பி என்ற ஆய்வு 1990களில் அதைத் திசு அளவில் காட்டியது. மூன்று வருடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 62 பேருக்குச் சவ்வு ஏதோ ஒரு வகையில் மிகைவளர்ச்சி அடைந்தது. அதோடு மாதம் 12 நாள், 200 மில்லிகிராம் நுண்துகள் புரோஜெஸ்டிரோனை வாய்வழியாக எடுத்தவர்களுக்குச் சவ்வு வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுடையதைப் போலவே அமைதியாக இருந்தது.

நல்ல செய்திதானே, டீச்சரின் டப்பாவிலும் புரோஜெஸ்டிரோன் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அங்கேதான் கணக்கு இடிக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவியர் எழுதிக்கொள்ளுங்கள். தோல்வழி எஸ்ட்ரடையால் ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம் போதும். சவ்வைக் காக்க வாய்வழிப் புரோஜெஸ்டிரோன் தினமும் கொடுத்தால் 100 மில்லிகிராம். அதாவது 2,000 மடங்கு. 50 மைக்ரோகிராம் தோலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது எளிது. புரோஜெஸ்டிரோனை அந்த அளவுக்குத் தோல் விடாது. கிரீமில் தேய்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு, கருப்பைச் சவ்வைக் கட்டுப்படுத்தப் போதாது. ஒரே டப்பா, ஒரே திருகு. ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ளே போயிற்று, காவலுக்கு வர வேண்டியது வாசலிலேயே நின்றுவிட்டது. சீட்டில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் டீச்சருக்கு அது தெரிய வழியில்லை. ஆஸ்திரேலியாவில் இப்படிக் கலந்து கொடுத்த 'பயோஐடெண்டிகல்' ஹார்மோன் எடுத்த மூன்று பெண்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2007இல் அந்நாட்டு மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள்.

'பை-எஸ்ட் 80/20' என்றால் 80 பங்கு எஸ்ட்ரியால், 20 பங்கு எஸ்ட்ரடையால். எஸ்ட்ரியால் வலுக்குறைந்தது, அதனால் பத்திரமானது, புற்றுநோயைத் தடுக்கும் என்றுகூடச் சொல்லி விற்கிறார்கள். ஸ்வீடனில் எஸ்ட்ரியால் மாத்திரையைத் தனியாக ஐந்து வருடமும் அதற்கு மேலும் எடுத்த பெண்களுக்குக் கருப்பைச் சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று 1999இல் லான்செட்டில் வந்தது. பிறப்புறுப்பு வறட்சிக்கு மிகக் குறைந்த அளவில் உள்ளே தடவும் எஸ்ட்ரியால் கிரீம் வேறு. அது நல்ல மருந்து, ரத்தத்தில் சேர்வது சொற்பம். நானும் எழுதிக்கொடுக்கிறேன்.

இந்த டப்பாக்கள் ஏன் இவ்வளவு பரவின? அதற்கு 2002 ஜூலைக்குப் போக வேண்டும். பெண்கள் நல முன்னெடுப்பு என்ற மிகப்பெரிய அமெரிக்க ஆய்வில், குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுத்த பிரிவை, 16,608 பெண்கள் பங்கேற்ற பிரிவை, பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, நுரையீரல் ரத்த உறைவு எல்லாம் கூடுகிறது என்று தலைப்புச் செய்தி. எண்ணிக்கையில் பார்த்தால், மார்பகப் புற்றுநோய் வருடத்துக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வர வேண்டியது 38 பேருக்கு வந்தது. அந்த எட்டுப் பேர் பெரிய விஷயம்தான். ஆனால் செய்தியைக் கேட்ட பெண்ணுக்கு எட்டு என்று யாரும் சொல்லவில்லை, 'கூடுகிறது' என்று மட்டும் சொன்னார்கள். பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதையும் சொல்லவில்லை. அனல் தாங்காமல் 50 வயதில் மருத்துவரிடம் வருகிறவள் அவர்களில் சிறுபான்மை. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த மற்றொரு பிரிவில் பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோயோ கூடவில்லை. பின்னாளைய கணக்கில் குறைவாகவே இருந்தது.

ஒரே இரவில் லட்சக்கணக்கானவர்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அனல் நிற்கவில்லை. மருத்துவர்கள் மருந்துச் சீட்டு எழுதப் பயந்தார்கள். அந்தக் காலி இடத்தில்தான், 'உங்களுக்கு ஆகாதது குதிரை மருந்து, இது உங்கள் உடம்பின் சொந்த ஹார்மோன், இதற்கு அந்த ஆபத்து எதுவும் இல்லை' என்ற பேச்சு நுழைந்தது. நடிகை சூசன் சோமர்ஸ் 2006இல் எழுதிய 'ஏஜ்லெஸ்' அதை வீட்டுக்கு வீடு கொண்டு போயிற்று. 2008 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படி விளம்பரம் செய்த ஏழு மருந்தகங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பெண்கள் அந்தப் பேச்சை நம்பியதில் எனக்கு வியப்பில்லை. காது கொடுத்துக் கேட்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

கலந்து கொடுக்கும் மருந்தகத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. மாத்திரையில் சேர்த்திருக்கும் ஒரு பொருள் ஒவ்வாத நோயாளிக்கு அது இல்லாமல் செய்து கொடுப்பது, குழந்தைக்குத் திரவமாக்கிக் கொடுப்பது. சில நாடுகளில் விற்கும் புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலில் கடலை எண்ணெய் இருக்கிறது. கடலை ஒவ்வாதவளுக்கு வேறு எண்ணெயில் கலந்து தரத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சலுகையில், ஊர் முழுக்க ஒரே கிரீமை 'உனக்கென்றே' என்று விற்கத் தொடங்கும்போது மூன்று விஷயம் விட்டுப்போகிறது. இந்தக் கலவை பலன் தருமா, பத்திரமா என்று விற்பனைக்கு முன் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இன்று வாங்கிய டப்பாவிலும் அடுத்த மாத டப்பாவிலும் ஒரே அளவு மருந்து இருக்கிறதா என்பதற்கு உறுதியில்லை. 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 12 மருந்தகங்களிலிருந்து பலவகைக் கலவை மருந்துகள் 29 வாங்கிச் சோதித்தது. பத்து தேறவில்லை. பெரும்பாலும் சீட்டில் போட்ட வீரியம் உள்ளே இல்லை. மூன்றாவது, பாதிப்பு வந்தால் அது எங்கும் பதிவாவதில்லை. தோலுக்கடியில் புதைக்கும் ஹார்மோன் குச்சிகளை விற்ற ஓர் இடத்தில் 2013 முதல் 2018 வரை 4,202 பாதிப்புப் புகார்கள் குவிந்திருந்தன. அவை அந்நாட்டு நிர்வாகத்தின் கண்ணுக்கே தாமதமாகத்தான் வந்தன.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எஸ்ட்ரடையால் மாத்திரை வாங்கினால் உள்ளே மடித்த தாள் ஒன்று இருக்கும். ரத்த உறைவு, மார்பகம், கருப்பை, ஈரல் என்று பொடி எழுத்தில் பயமுறுத்தும். டப்பாவோடு அப்படித் தாள் வராது. கலந்து கொடுக்கும் மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளே இருப்பது அதே எஸ்ட்ரடையால்! தாள் இல்லாததால் டீச்சர் இதைப் பத்திரம் என்று எடுத்துக்கொண்டார். பல வருடம் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். எழுத்தில் இல்லாததை எப்படிப் படிப்பார்?

அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் 2020இல் இந்த விஷயத்தை முழுதாக அலசி ஓர் அறிக்கை தந்தன. கலந்து கொடுக்கும் உடலொத்த ஹார்மோன்களை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை, ஒவ்வாமை போன்ற தேவைக்கு மட்டும் கொடுக்கலாம் என்பது அதன் முடிவு. எச்சில் சோதனை பற்றி நான் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எச்சிலில் ஹார்மோன் அளவு வேளைக்கு வேளை மாறும். கிரீம் தேய்த்தவருக்கு எச்சிலில் புரோஜெஸ்டிரோன் ஏறிக் காட்டும், ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. மாதவிடாய் நின்ற பிறகு அளவை முடிவு செய்வது அந்த எண் அல்ல, தூக்கம் வந்ததா, அனல் அடங்கியதா என்று அந்தப் பெண் சொல்லும் சொல்.

இவ்வளவும் கேட்ட பிறகு உடலொத்த ஹார்மோனே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நான் எழுதிக்கொடுப்பதே பெரும்பாலும் உடலொத்த ஹார்மோன்தான். அரசு அனுமதி பெற்ற, அட்டையிலும் டியூபிலும் வரும் எஸ்ட்ரடையால். நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூல். அந்தக் காப்ஸ்யூலை நம் ஊரில் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்த எந்தப் பெண்ணும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வாள், கரு தங்க வேண்டும் என்று வாரக்கணக்கில் வைத்துக்கொண்டதுதான். இவற்றின் பக்கம் நல்ல சான்று இருக்கிறது. அதிலும் பிரான்ஸிலிருந்து வந்தவற்றை நான் மதிக்கிறேன். அங்கே தோலில் தடவும் எஸ்ட்ரடையாலும் நுண்துகள் புரோஜெஸ்டிரோனும் வெகுகாலமாகப் புழக்கத்தில் உண்டு. ஈ3என் என்ற ஆய்வில் 80,000க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். கல்வித்துறை காப்பீட்டில் இருந்தவர்கள், பெரும்பாலும் ஆசிரியைகள். 2008இல் வந்த முடிவு: ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. வேறு செயற்கை வகைகளோடு எடுத்தவர்களுக்கு 1.69 மடங்கு. ஆனால் இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்த சோதனை அல்ல, எடுத்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. பின்னாளில் ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தவர்களைப் பார்த்தபோது புரோஜெஸ்டிரோன் பக்கமும் ஆபத்து சற்று ஏறியிருந்தது. குறைவு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது.

எனக்கு இதைவிடத் தெளிவாகப் பாடம் சொன்னது பிரான்ஸின் இன்னொரு ஆய்வு, எஸ்தர். கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைவது பற்றியது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு உறைவு சுமார் நாலு மடங்கு. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவே இல்லை. அங்கே வாய்வழியாகக் கொடுத்ததும் பெரும்பாலும் எஸ்ட்ரடையால்தான், உடலொத்ததுதான். விழுங்கியது குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போய், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் தடவியது ஈரலைச் சுற்றிக்கொண்டு போகிறது. மூலக்கூறு ஒன்றே, வழி வேறு. 'உடலொத்தது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வயதும் அப்படித்தான். எலைட் என்ற ஆய்வில் 643 பெண்களை வைத்து எஸ்ட்ரடையாலைச் சோதித்துப் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது. மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது மட்டுப்பட்டது. பத்து வருடம் கழிந்து தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அதனால்தான் 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவது நல்லது என்கிறோம். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2002க்குப் பின் எல்லா ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின்மேலும் ஒட்டியிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை எடுக்கப்போவதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பைச் சவ்வுப் புற்றுநோய் வரலாம் என்ற வரியை மட்டும் எடுக்கவில்லை. 1975இல் கற்ற பாடம் அது. அது நிற்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதைவிட என்னை உறுத்துவது, 38 வயதிலும் 40 வயதிலும் பெரும்போக்குக்காகக் கருப்பையை எடுக்கும்போது 'அதோட இதையும் எடுத்துடலாம்' என்று சினைப்பைகளையும் எடுத்துவிடுவது. அந்தப் பெண் மயக்கம் தெளிந்து எழும்போதே அவள் உடம்பு பல வருடம் மூத்துவிடுகிறது. எலும்பு தேயத் தொடங்குகிறது, இதயத்துக்கான காப்பும் போகிறது. அவளுக்குக் கருப்பை இல்லை, அதனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ ஈரல் நோயோ இல்லையென்றால், இயல்பாக நின்றிருக்கக்கூடிய வயதுவரையாவது கொடுப்பதுதான் முறை. ஆனால் எத்தனை பேருக்குக் கொடுக்கிறோம்? 63 வயது அமெரிக்கப் பெண்களிடம் பார்த்த ஆபத்தைக் காட்டி, 40 வயதுக்காரிக்குச் சொந்த உடம்பில் ஊற வேண்டியதையே மறுக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. அவள் எங்கே போவாள்? முதுமையைத் தள்ளிப்போடுகிறோம் என்று பெருநகரங்களில் விளம்பரம் செய்யும் இடங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் டப்பாக்களுக்கும் நாம்தான் அனுப்பிவைக்கிறோம்.

டீச்சரின் கதையை முடிக்காமல் விட்டேன். சவ்விலிருந்து எடுத்த திசுவின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. மிகைவளர்ச்சி, செல்களில் மாறுதல் இல்லை. புற்றுநோய் இல்லை, திரும்பக்கூடிய நிலைதான். அந்த ஏழு நாள் அவர் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் மகன் சொன்னார். கிரீமை நிறுத்தினோம். கருப்பைக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் சாதனம் ஒன்றை வைத்தேன், நம் பெண்கள் லூப் என்பார்களே, அந்த மாதிரி. ஆறு மாதத்தில் மறுபடி திசு எடுத்துப் பார்த்தோம். மிகைவளர்ச்சி போயிருந்தது.

இடையில் அனல் திரும்பிவந்து அவரைப் படாதபாடு படுத்தியது. மறுபடி ஹார்மோன் எழுதித் தருவீர்களா என்று என்னைக் கேட்க அவருக்குத் தயக்கம். நானே கேட்டேன். மார்பகப் பரிசோதனை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்ததுண்டா என்பதெல்லாம் பார்த்துவிட்டு எஸ்ட்ரடையால் ஜெல் எழுதிக்கொடுத்தேன், அளவுள்ளது, அட்டைப்பெட்டிக்குள் மடித்த தாள் உள்ளது. அந்தத் தாளை என் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவால் அடிக்கோடிட்டுப் படித்தார். பதினோரு கேள்வி கேட்டார். அதில் ஒன்று: "இப்ப என் கர்ப்பப்பையைக் காப்பாத்துதே, அந்த லூப்ல இருக்கிறது, அது நம்ம உடம்புல ஊறுறதா டாக்டரம்மா?"

இல்லை டீச்சர் என்றேன். அது ஆய்வுக்கூடத்தில் செய்தது. உங்கள் உடம்பில் ஒரு நாளும் ஊறியதில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து இந்த டப்பாவை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இதில் எஸ்ட்ரடையால் எவ்வளவு இருந்தது, அவருடைய தோல் வழியாக இரண்டு வருடத்தில் எவ்வளவு உள்ளே போனது என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கலந்து கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.